நீ எடுக்காமல் விட்ட என் முகம்

என் அன்பு அக்கா தனக்கோட்டிக்கு,

மாசி மகத்துத் தேர் ஓடுவதற்கு முன்பே நீ போய்விட்டாய். இப்போது ஐப்பசி. மழை பிடித்துக்கொண்டது. மணிமுத்தாற்றில் தண்ணீர் வருகிறது என்று ஆட்டோக்காரர்கள் சொல்கிறார்கள். நான் போய்ப் பார்க்கவில்லை. துணிகளை உள்ளே கொடி கட்டி உலர்த்துகிறேன். ஒரு ஆளின் துணிக்கு அரைக் கொடி போதும்.

உனக்கு எழுதலாமா வேண்டாமா என்று மழைக்கு முன்னாலிருந்தே யோசித்துக்கொண்டிருந்தேன். பதில் வராத கடிதம் எழுதுவது புத்தியுள்ளவன் செய்கிற காரியமா? ஆனால் ஒரு விஷயம் நடந்துவிட்டது. உன்னிடம் சொல்லாதவரை அது முழுதாக நடந்த மாதிரி எனக்குத் தோன்றவில்லை. வேறு யாராவது படிக்க நேர்ந்தால் அவர்களுக்கும் விளங்கட்டும் என்று, உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே சொல்லிக்கொண்டு போகிறேன். பொறுத்துக்கொள்.

அத்தான் காலமான பிறகு நீ நல்லூரிலிருந்து ஒரு பெட்டியோடு விருத்தாசலத்துக்கு என்னிடம் வந்தாய். நான் கல்யாணம் செய்துகொள்ளாதவன். பீங்கான் தொழிற்கூடத்தின் சோதனை அறையில் களிமண்ணைச் சலித்தும் சுட்டும் பார்த்தே ஓய்வு பெற்றவன். செருப்பைத் தினமும் ஒரே இடத்தில், ஒரே கோணத்தில் விடுகிறவன். நீயோ சத்துணவுக் கூடத்தில் ஊர்ப் பிள்ளைகளை எல்லாம் ஒரு கரண்டியைக் காட்டி வரிசையில் உட்கார வைத்தவள். இரண்டு பேரும் ஒரே வீட்டில் எப்படி இருக்கப்போகிறோம் என்று எனக்கு உள்ளூரப் பயம்தான்.

வந்த கொஞ்ச நாளிலேயே உன் மகன் ராஜவேல் உனக்கு ஒரு போன் வாங்கிக் கொடுத்து, ‘நல்லூர் வகையறா’ என்ற குடும்பக் குழுவில் சேர்த்துவிட்டான். அதில் யார் என்ன சொன்னாலும் பதிலுக்கு ஒரு சினிமா நடிகரின் முகம் ஸ்டிக்கராக வந்து விழும். முழிக்கிற முகம், அழுகிற முகம், தலையில் அடித்துக்கொள்கிற முகம். நீ கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி எல்லாவற்றையும் பார்த்தாய்.

“சினிமாக்காரன் மூஞ்சி எதுக்குடா? நம்ம வூட்டுலயே ஒண்ணு சும்மா கெடக்குது” என்றாய்.

என்னைத்தான் சொன்னாய்.

பால் திரிந்துவிட்டதா என்று நான் பாத்திரத்தை முகர்ந்தபோது படம் எடுத்தாய். கீழே ‘எனக்கென்னமோ சந்தேகமா இருக்குது’ என்று எழுதினாய். சுவிட்ச் மேல் பல்லியைப் பார்த்து நான் பின்வாங்கியது, ‘ஐயோ, நான் இல்லப்பா’ ஆனது. நாளிதழை மடியில் வைத்தபடி தூங்கியது, ‘கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்’. புதுச்சேரியில் இருக்கும் உன் மகள் மஞ்சுளா புதுப் புடவையின் விலையைக் குழுவில் சொன்னால், அடுத்த நொடி நான் பாலை முகர்ந்துகொண்டு வந்து நிற்பேன்.

முகத்தைச் சுற்றி விரலால் கோடு இழுத்து, பின்னால் இருக்கும் சுவரையும் காலண்டரையும் வெட்டி எறிவது உனக்குப் பிடித்த வேலை. அச்சிலிருந்து எடுத்த பொம்மையின் விளிம்பில் நிற்கும் பிசிறைச் சீவுவது போல இருக்கும். அதில் எனக்கு ஒரு கண் உண்டு. பக்கத்தில் உட்கார்ந்து, “அக்கா, காது போயிடுச்சு” என்பேன்.

“காது இருந்து நீ என்னாத்த கேட்டுட்ட?” என்று அடுத்ததற்குப் போய்விடுவாய்.

வாசகம் எழுத என்னைக் கேட்டாய், படித்தவன் என்று. நான் ‘தங்கள் விருப்பம் எதுவோ, அதுவே எனக்கும் சம்மதம்’ என்று எழுதிக் கொடுத்தேன். நீ சிரித்தாய். “மூஞ்சி விருத்தாசலத்துல நிக்குது, எழுத்து மேடையில நிக்குது. ரெண்டும் ஒரே எடத்துல நிக்கணும்டா” என்று அடித்துவிட்டு, ‘உங்க இஷ்டம்ப்பா’ என்று மட்டும் போட்டாய். என்ன சமைக்கட்டும் என்று நீ கேட்டபோது நான் இரண்டு கையையும் விரித்த படம் அது. நம் குழுவில் அதிகம் ஓடியது அந்தப் படம்தான். சினிமா எந்த ஊரில் பார்ப்பது, கல்யாணத்துக்கு வேனா பஸ்ஸா, கேக்கில் யார் பெயரை எழுதுவது, எல்லாவற்றுக்கும் நான் கையை விரித்தேன்.

வெட்கமாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். ஆனால் உள்ளுக்குள் எனக்குப் பிடித்திருந்தது என்பது உனக்குத் தெரியுமா? கூட்டத்தில் நான் இருப்பதே யாருக்கும் தெரியாது. நல்லூரில் ஒரு கல்யாணத்தில், முன்பின் பார்த்திராத பெண் ஒருத்தி பந்தியில் என் எதிரே உட்கார்ந்து, “நீங்க சந்தேகத் தாத்தாதானே?” என்று கேட்டாள். அன்று கூடுதலாக ஒரு கரண்டி பாயசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

நீ போன பிறகு குழு ஓய்ந்து கிடந்தது. சித்திரையில் ஒருநாள், ராஜவேலின் மகள் யாழினி, காலேஜில் படிக்கிறாளே, அவள் யாருக்கோ பதிலாக என் தூங்குகிற முகத்தைப் போட்டாள். பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. பகல் முழுக்கப் பேச்சில்லாத வீட்டில் போன் அதிரும். எடுத்துப் பார்த்தால், நீ வெட்டிய என் முகம். அதை எடுத்தபோது நீ எங்கே நின்றிருந்தாய் என்று நினைத்துப் பார்ப்பேன். அடுப்புக்கும் கதவுக்கும் இடையில், அல்லது ஜன்னலோரம். எல்லாப் படத்திலும் நான் இருக்கிறேன், ஒன்றிலும் நீ இல்லை. ஆனால் எல்லாவற்றிலும் நான் பார்ப்பது உன்னைத்தானே?

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ராஜவேல் குழுவில் எழுதினான். “மாமா, நீங்க அங்க தனியா இருக்கறது எனக்குச் சரியா படல. உங்களைப் பாத்துக்கன்னு சொல்லிட்டுத்தான் அம்மா போனாங்க. வூட்டை வாடகைக்கு விட்டுட்டு தை மாசம் எங்ககூட வந்துடுங்க. என்ன சொல்றீங்க?”

அன்பாகத்தான் கேட்டான். அதுதான் சிரமம். சென்னையில் அவன் வீடு எனக்குத் தெரியும். எனக்கென்று ஒரு அறை தருவான். அவன் மனைவி மூன்று வேளையும் கேட்டுக் கேட்டுப் பரிமாறுவாள். குளியலறை காலியா என்று கதவருகே நின்று பார்ப்பேன். டிவியில் எது ஓடினாலும் பார்ப்பேன். ஒவ்வொன்றுக்கும் ‘உங்க இஷ்டம்ப்பா’ என்பேன். படத்தில் கையை விரித்து நிற்பது வேறு; மிச்சமுள்ள காலம் முழுக்க அப்படியே நிற்பது வேறு. இங்கே நான் பயந்தவன்தான். ஆனால் என் பயத்துக்கு இந்த வீட்டில் எல்லா இடமும் பழக்கம்.

வரவில்லை என்று சொல்லத் தீர்மானித்தேன். மனம் நோகாமல் சொல்ல வேண்டுமே என்று முதலில் ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். அடித்தேன், திருத்தினேன். அதற்குள் போன் அதிர்ந்தது. யாழினி என் முகத்தைப் போட்டிருந்தாள். கை விரித்த முகம். ‘உங்க இஷ்டம்ப்பா.’

“மாமா சொல்லிட்டாரு” என்று மஞ்சுளா எழுதினாள். சிரிப்புகள் வரிசையாக விழுந்தன. ராஜவேல், “ரொம்ப சந்தோஷம் மாமா, மனசு லேசாயிடுச்சு” என்றான். நான் பேனாவோடு உட்கார்ந்திருந்தேன். என் முகமே எனக்கு முன்னால் போய்ப் பதில் சொல்லிவிட்டது.

தாளில் எழுதியதைப் போனில் ஏற்றி அனுப்பினேன். ராஜவேலின் நலம், அவன் மனைவியின் முழங்கால் வலி, யாழினியின் படிப்பு, அவன் அன்புக்கு நன்றி, இந்த ஊர்த் தண்ணீர், மருத்துவர் வீட்டு அருகாமை, எல்லாம் எழுதி, கடைசி வரியில் ‘ஆகவே இப்போதைக்கு வருவதாக இல்லை’ என்று முடித்திருந்தேன். நீளமான செய்தியைப் போன் பாதியில் மடித்துவிடும் என்றும், ‘மேலும் படிக்க’ என்ற இடத்தைத் தொட்டால்தான் மிச்சம் தெரியும் என்றும் அப்போது நான் யோசிக்கவில்லை. நன்றி சொன்ன இடத்தோடு மடிந்துவிட்டது. எல்லோரும் கும்பிடு போட்டார்கள். மஞ்சுளா ஒரு பூ வைத்தாள்.

மறுபடி எழுதினால் என்ன என்று நீ கேட்பாய். சந்தோஷம் என்று சொல்லிவிட்டவனிடம் எப்படி எழுதுவது? நாளைக்கு எழுதலாம் என்று தள்ளினேன். மறுநாளும் அதையே செய்தேன்.

ஒரு சனிக்கிழமை, ரயில்வேயில் வேலை பார்க்கும் ஒரு பையனும் அவன் மனைவியும் வீட்டைப் பார்க்க வந்துவிட்டார்கள். ராஜவேல்தான் யார் மூலமாகவோ சொல்லி அனுப்பியிருக்கிறான். அந்தப் பெண் மாசமாக இருக்கிறாள். மெல்ல நடந்து வந்தாள். நல்ல பெண். நான் டீ போட்டுக் கொடுத்தேன். என் வீட்டைக் காலி செய்ய வந்தவர்களுக்குச் சர்க்கரை போதுமா என்றும் கேட்டேன்.

“ஐயா, இந்த அலமாரி உங்களதா, வூட்டோடதா?” என்றாள்.

“என்னதும்மா.”

“அப்ப இங்க பிரிஜ்ஜு வெச்சிக்கலாங்க” என்று புருஷனிடம் சொன்னாள். உன் அறைக்குள் எட்டிப் பார்த்து, “இந்த ரூம்ல யாருங்கய்யா இருந்தாங்க?”

“எங்க அக்கா.”

“காத்து நல்லா வருது. தூளி கட்டலாம்” என்று விட்டத்தை அண்ணாந்து பார்த்தாள்.

அவன் கையை அகட்டி ஜன்னலை அளந்தான். போகும்போது, “எப்பங்கய்யா காலி பண்றீங்க?” என்று கேட்டான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? “சொல்லி அனுப்பறேன் தம்பி” என்றேன். அவர்கள் போன பிறகு உன் அறையில், அவள் நின்ற இடத்தில், வெகுநேரம் நின்றேன். என் கோபமெல்லாம் என் மேல்தான்.

அன்றுதான் உன் பழைய போனை எடுத்தேன். நீ செய்து வைத்த என் முகங்களை முதலிலிருந்து பார்த்தேன், ‘முடியாது’ என்று சொல்கிற முகம் ஒன்றாவது இருந்தால் எடுத்துப் போட்டுவிடலாம் என்று. வெயிலில் சுருங்கிய முகம் இருக்கிறது, தும்மப் போகிற முகம்கூட இருக்கிறது. மறுக்கிற முகம் ஒன்றுகூட இல்லை. நீ எடுக்காமல் விட்டாயா அக்கா? இல்லை, எடுப்பதற்கு நான் அப்படி ஒன்றைக் காட்டவே இல்லையா?

நானே செய்வது என்று முடிவு செய்தேன்.

சோதனை அறையில் ஒரு வழக்கம் உண்டு. கலவையில் ஒரே சமயத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். இரண்டை மாற்றினால் எதனால் வெடித்தது என்று தெரியாது. அப்படியே செய்தேன். பின்கட்டில் நல்ல வெளிச்சம். போனைத் தண்ணீர்க் குடத்தின்மேல் சாய்த்து, தானாகவே படம் எடுத்துக்கொள்ளும்படி வைத்து, எதிரே நின்றேன். முதலில் புருவத்தை மட்டும் இறக்கினேன். பஸ் போர்டு படிக்கிறவன் மாதிரி வந்தது. புருவத்தை விட்டுவிட்டு உதட்டை இறுக்கினேன், பல்வலி. முகவாயை உயர்த்தினேன், சவரம் செய்துகொள்கிறவன். கையைத் தடுப்பதுபோல நீட்டிப் பார்த்தேன், ஆசீர்வாதம். எந்தப் படத்தைப் பார்த்தாலும், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று கண் கெஞ்சிக்கொண்டிருந்தது. மறுநாளும் நின்றேன். உனக்குச் சிரிப்பாக இருக்கும். எனக்கு அழுகை வரும்போல இருந்தது. இந்த வயதில் ஒரு மனிதனிடம் இந்த முகம்கூட இல்லையா?

மூன்றாம் நாள் போனைச் சாய்த்துவிட்டுத் திரும்புகிறேன், எங்கிருந்தோ ஒரு ஆடு படலைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து, உன் செம்பருத்தியின் கொழுந்தில் வாயை வைத்துவிட்டது. “ஏய்!” என்று கத்தினேன். அவ்வளவு சத்தம் எனக்குள் இருப்பது எனக்கே தெரியாது. ஆடு என்னைப் பார்த்தது. கொழுந்தை விட்டுவிட்டு வந்த வழியே போய்விட்டது.

போனை எடுத்துப் பார்த்தேன். முகம் முக்கால்வாசி திரும்பியிருந்தது. ஒரு கை கலங்கலாக உயர்ந்திருந்தது. கண்ணில் கெஞ்சல் இல்லை. யார் இவன் என்று கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

விரலால் கோடு இழுத்து வெட்டினேன். ஒரு காது போய்விட்டது. கீழே முதலில் ‘மன்னிக்கவும், இயலாது’ என்று எழுதினேன். மூஞ்சியும் எழுத்தும் ஒரே இடத்தில் நிற்கவில்லை. அழித்துவிட்டு, ‘நான் வரலப்பா’ என்று எழுதினேன். தை மாசம் என்று ராஜவேல் சொன்ன செய்திக்கு நேரே அதை ஒட்டி அனுப்பிவிட்டு, போனைக் கவிழ்த்து வைத்தேன்.

குழுவில் சிரிப்பு வரவில்லை. ஒன்றுமே வரவில்லை. பிறகு ராஜவேல் கூப்பிட்டான். குரல் ஒரு மாதிரியாக இருந்தது.

“மாமா, இது அம்மா எப்போ செஞ்சது?”

எனக்குப் புரியவில்லை.

“காதை வெட்டியிருக்காங்களே, அம்மாதான் அப்படி வெட்டுவாங்க. முன்னாடியே செஞ்சி வெச்சிட்டுப் போயிருக்காங்களா? நீங்க இங்க வர்றதுல அவங்களுக்கு இஷ்டம் இல்லையா மாமா?”

ஆமாம்ப்பா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். உன் பேச்சை அவன் தட்டமாட்டான். இனி இந்த வீட்டைப் பற்றி யாரும் வாய் திறக்கமாட்டார்கள். ஆயுள் முழுக்க எனக்காக நீதான் பேசினாய். இதையும் நீயே பேசிவிட்டதாக இருந்தால் என்ன? அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது, அக்கா. மறைக்காமல் சொல்கிறேன்.

“இல்லப்பா. நான்தான் செஞ்சேன்” என்றேன்.

“நீங்களா?”

“ஆமாம். ஆட்டைத் தொரத்தனப்ப எடுத்தது.”

“அப்ப அம்மா சொல்லல.”

“அம்மா சொல்லல. நான் சொல்றேன். எனக்கு அங்க வர இஷ்டம் இல்ல ராஜவேலு. இங்கயே இருக்கறேன்.”

அவன் சின்னப் பிள்ளை மாதிரி, “பாத்துக்கறேன்னு அம்மாகிட்ட சொன்னேனே மாமா” என்றான்.

“தெனம் ஒரு போன் பண்ணு. நான் எடுக்கலன்னா பயந்துக்க. அதுவும் பாத்துக்கறதுதான்.”

“நீங்க போன் எங்க எடுக்கறீங்க?”

“இனிமே எடுக்கறேன்.”

“சரி மாமா” என்றான். அழுதானா, சிரித்தானா, எனக்குத் தெரியவில்லை. அந்த ரயில்வேப் பையனுக்கு அன்றே ஆள் விட்டு, மன்னிப்புக் கேட்டுச் சொல்லிவிட்டேன். பக்கத்துத் தெருவில் அவர்களுக்கு வேறு வீடு கிடைத்துவிட்டதாம்.

ஜெயித்துவிட்டேன் என்று நினைப்பாய். நானும் நினைத்தேன். அதன் பிறகு குழுவில் என் முகம் வரவில்லை. ஒன்றுகூட. மஞ்சுளா நகை விலை சொன்னாள். யாரோ ஒரு சினிமா நடிகர் வந்து முழித்தார். காலையில் எனக்கு எல்லோரும் கும்பிடு வைத்தார்கள். பேச்சில் ஒரு ஜாக்கிரதை வந்துவிட்டது. யாழினி தனியாக எழுதினாள்: “சாரி தாத்தா, அன்னிக்கு நான் அந்த ஸ்டிக்கரைப் போட்டிருக்கக் கூடாது.” பரவாயில்லையம்மா என்று எழுதினேன். அவள் அதற்கும் கும்பிடு போட்டாள். பயந்தவனின் முகத்தை எடுத்து எல்லோரும் விளையாடினார்கள். மறுத்தவனின் முகத்தைத் தொட யோசிக்கிறார்கள். ராஜவேல் தினமும் கூப்பிடுகிறான். சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா என்கிறான். அதற்குமேல் இரண்டு பேருக்கும் பேச்சு கிடைப்பதில்லை. மிச்ச நேரமெல்லாம் போன் மேசையில் பேசாமல் கிடக்கும். நான் கேட்டு வாங்கிய வீட்டில், நான் கேட்டு வாங்கிய தனிமை. யாரிடம் புகார் சொல்வது?

இன்று காலை தோசை வார்த்தேன். மழைக்கு அடுப்பு மேடை ஈரமாகி, நான் துடைத்துக்கொண்டிருந்ததில் தோசை தீய்ந்துவிட்டது. ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, கரி போக எவ்வளவு தேறும் என்று பார்த்தேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே, இது ஒரு படம் ஆயிற்றே என்று தோன்றியது. போனைச் சாய்த்து வைத்து, மறுபடி தூக்கிப் பிடித்து எடுத்தேன். நான் வெட்டவில்லை, எழுதவும் இல்லை. அப்படியே யாழினிக்கு அனுப்பி, “வாசகம் நீ எழுதும்மா. மரியாதை வேண்டாம்” என்றேன்.

வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. தப்பாகச் செய்துவிட்டோமோ என்று பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். பிறகு குழுவில் வந்து விழுந்தேன், கையில் கரித்தோசையோடு, ராஜா செங்கோல் பிடித்தது போல. கீழே எழுதியிருந்தாள்: ‘தீஞ்சாலும் என் தோசை.’

மஞ்சுளா உருண்டு உருண்டு சிரித்தாள். ராஜவேல், “இதுக்குத்தான் மாமா அங்க இருக்கறேன்னீங்களா?” என்று கேட்டான். அவன் மனைவி சாம்பாராவது இருக்குதா என்றாள். வாயைத் திறந்து, சத்தமாக, தனியாக நின்று நானும் சிரித்தேன். அப்படிச் சிரித்தால் நீ எங்கே இருந்தாலும், “என்னாடா அது?” என்று குரல் கொடுப்பாய். இன்று யாரும் கேட்கவில்லை. ஓட்டில் மழை விழுகிற சத்தம் மட்டும்தான்.

கொஞ்சம் காத்திருந்தேன். பிறகு உன் அறைப் பக்கம் திரும்பி, “ஒண்ணுமில்லக்கா, தோசை” என்றேன்.

இனியும் சொல்வேன். எதற்குச் சிரித்தாலும் என்னவென்று வாய்விட்டே உனக்குச் சொல்வேன். கேட்பதற்கு ஆள் இருக்கிறதா என்று யோசிக்கமாட்டேன்.

என்றும் உன் கூடப்பிறந்தவன்,
தம்பி கலியபெருமாள்